தூங்கத் தெரியாத லேப்டாப்

எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் வெள்ளைக்காரர், பேச்சை விடுவதற்கு முன் பொருள்களை விட்டார். சைக்கிள் பால்காரருக்குப் போனது. காபி போடுகிற கண்ணாடிப் பாத்திரம் எதிர்வீட்டுக்குப் போனது. அவர்கள் அதில் மணிபிளான்ட் வளர்க்கிறார்கள். லேப்டாப் எனக்கு வந்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்து, “டீச்சருக்கு” என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து ஒரு மண்டலம் மௌனம்.

ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் சாலைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. எங்கள் தெருவில் எந்த நேரமும் யாராவது எதையாவது துறந்துகொண்டுதான் இருப்பார்கள். செருப்பைத் துறப்பார்கள், சர்க்கரையைத் துறப்பார்கள், சொந்த ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் துறப்பார்கள். துறந்ததில் பாதி எங்கள் வீடுகளில்தான் இருக்கிறது. என்னிடம் மட்டும் மூன்று யோகா பாய்கள் உண்டு. ஒன்றின் மேல் வடாம் காயவைக்கிறேன்.

தெருவில் எல்லோரும் அவரைச் சாமி என்பார்கள். நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து உட்கார்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தவரைச் சாமி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பிழைப்பதென்னவோ இங்கே வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுத்து. பனிக்காலத்தில் வீடு நிறைய மாணவர்கள். வெயில் உறைக்க ஆரம்பித்ததும் அத்தனை பேரும் விமானம் ஏறிவிடுவார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற என் கணவர் வீட்டு உறவுகள், “வெள்ளைக்காரங்ககிட்ட பேசிட்டிருக்கறதுக்குப் பேரு வேலையாம்மா?” என்று சிரிக்காமல் கேட்பார்கள். பதில் சொல்ல வந்து, காபி போட எழுந்து போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து இணையவழியில் தமிழ் நடத்தும் ஒரு நிறுவனம் என்னை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்டச் சொன்னது. அவர்களுக்குப் பிடித்தால் வருடம் முழுக்க வகுப்புகள், முறையான ஆசிரியர் பெயரோடு. எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டே சொல்கிறேன், அவ்வளவு வேண்டும். திரையில் பாடம் காட்டி நடத்த வேண்டும், போனில் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் பழைய லேப்டாப் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே கண்ணை மூடியிருந்தது. ஆகவே சார் கொடுத்த லேப்டாப்பே கதி.

அதில் ஓடுவது லினக்ஸ். அதன் கர்னலை, அதாவது உள்ளே உட்கார்ந்து யாருக்கு எப்போது வேலை, யாருக்கு எவ்வளவு கரண்ட் என்று பங்கு போடும் மேனேஜரை, சார் தன் கையால் கட்டியிருந்தார். வேண்டாதது எதுவும் இல்லாமல் செதுக்கியிருந்தார். பட்டனைத் தொட்டால் திறந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பூரிப்பு ஒரு வாரம் நின்றது.

முதலில் தெரிந்தது சூடு. சும்மா வைத்தாலும் கொதிக்கும். மடியில் வைத்துப் பாடம் நடத்தினால் எழுந்திருக்கும்போது சேலை இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். அடுத்து, மூடினாலும் தூங்காது. மூடி பீரோவில் வைத்தால் உள்ளே தனியாக ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் எடுத்தால் பிணம். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, பேட்டரி என்று ஒன்று தன்னிடம் இருப்பதே அதற்குத் தெரியாது. சார்ஜரைப் பிடுங்கினாலும் திரையின் மூலையில் பிளக் படம் அப்படியே நிற்கும். ஊர் திரும்பிவிட்ட ஒரு ஜெர்மன் பெண்மணிக்கு இணையவழியில் இறந்தகாலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “போயிற்று” என்று நான் சொல்லவும் அது போகவும் சரியாக இருந்தது. அந்த அம்மா அதைப் பாடத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினாராம்.

என் கணவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறார். எதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிற ஆள். அன்றைக்கு லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தூக்கமும் இல்ல, உடம்பைப் பத்திக் கவலையும் இல்ல. இதுவும் சாமியாராயிடுச்சா?” என்றார்.

சிரித்தேன். ஆனால் அது மனதில் ஒட்டிக்கொண்டது. சார் பொருளைத் துறந்தார், பேச்சைத் துறந்தார்; அதற்கும் முன்பே தன் கர்னலில் தூக்கத்தையும் பேட்டரிக் கவலையையும் துறந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த ஊரில் இருப்பவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இதற்கிடையே காலண்டர் பழி வாங்கியது. மாதிரி வகுப்பு வைத்திருந்த அதே நாளில் பராமரிப்புப் பணிக்காக ஊர் முழுக்கப் பகல் மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியை ரிப்பேருக்கு எடுத்துப்போன கடைக்காரர் அப்போதுதான் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். “தேதியை மாத்தச் சொல்லேன்” என்றார் கணவர். மூன்று நாடுகளில் இருக்கிற மூன்று பேர் கஷ்டப்பட்டு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் முதல் வார்த்தையாகவே ‘எங்கள் ஊரில் கரண்ட் இல்லை’ என்று சொல்ல என் திமிர் இடம் கொடுக்கவில்லை. பக்கத்து காபி ஷாப்பில் ஜெனரேட்டர் உண்டே என்று ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார், ஒருவர் அழுதார், இரண்டு பேர் வந்து காரணமில்லாமல் என்னைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

வழக்கமாகக் கிடைக்கும் கர்னலைப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி தெரிந்தது, ஆனால் வைஃபை போய்விட்டது. அந்தப் பழைய மெஷினின் வைஃபைக்கு சார் தன் கர்னலில் மட்டும் ஏதோ ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். ஆக அவருடைய கர்னல்தான் வேண்டும். அதில் அவர் எடுத்ததை நான் திருப்பிச் சேர்த்துக் கட்ட வேண்டும். என்னென்ன எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரோ வாயைத் திறக்க மாட்டார். எழுதியும் காட்ட மாட்டார். எழுத்தும் பேச்சுதான் என்பது அவர் கட்சி. கைஜாடையும் கிடையாது. பால் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு மட்டும் தலையை அசைப்பார்.

ஒரு காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து, அவசரமாக அடங்கியது.

“சார், நான் கேக்கறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. பேட்டரி பாக்கறதை எடுத்துட்டீங்களா?”

தலை ஆடியது. ஆமாம்.

“ப்ராசஸர் சும்மா இருக்கறப்ப வேகத்தைக் கம்மி பண்ணுமே, அதையும் எடுத்துட்டீங்களா?”

ஆமாம்.

“மூடினா தூங்கறதையும்?”

ஆமாம், ஆமாம், ஆமாம். இந்தத் தடவை தலை ரொம்ப வேகமாக ஆடியது.

“மூணையும் நான் திருப்பிப் போடலாமா?”

ஆமாம் என்று ஆரம்பித்த தலை நடுவழியில் இல்லை என்று திரும்பியது. பிறகு மறுபடி ஆமாம். கை லேசாக மேலே வந்தது. அதை அவரே மற்றொரு கையால் பிடித்துக் கீழே வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றி வியர்த்தது.

தியானம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “தொந்தரவு பண்ணிட்டேன் சார், நீங்க உக்காருங்க” என்று பூனை மாதிரி நழுவி வந்துவிட்டேன்.

ஒரு வேலையைக் கையில் எடுத்தால் எனக்கு வீடு கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரம் பூராவும் ரசமும் அப்பளமும்தான். கர்னலின் அமைப்புப் பட்டியலைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் ஆம், இல்லை கேள்விகள். பேட்டரிக்கு ஆம். வேகம் குறைப்பதற்கு ஆம். தூக்கத்துக்கு ஆம். கட்ட உட்கார்ந்தால் அந்தக் கிழ மெஷின் காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை அனத்தும். முதல் முறை கட்டியது திறக்கவே இல்லை. இரண்டாவது திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பேசிப் பிழைக்கிறவளுக்கு ஊமை லேப்டாப் எதற்கு? அந்தச் சனியன் தலையில் ஒன்று போட்டிருப்பேன்; கணவர் நடுவில் வந்து தட்டை நீட்டினார்.

மாடியில் அந்த நாட்களில் காலடிச் சத்தம் ஓயவில்லை. “ஏன் அவரு மேல நடந்துட்டே இருக்காரு?” என்றார் கணவர். நடை தியானம் என்று விளக்கம் கொடுத்தேன். ஒருநாள் சார் கீழே இறங்கிவந்து எங்கள் வாசலில் நின்றார். லேப்டாப்பையே பார்த்தார். நான் அதை மூடுவதையும் திறப்பதையும் பார்த்தார். பார்வையில் அப்படியொரு தவிப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். குடித்துவிட்டு, போகாமல் நின்றார். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டுப் போனார்.

“பாவங்க, குடுத்த பொருள் மேல ஆசை விடல” என்று கணவரிடம் சொன்னேன். “துறவுன்னா லேசா?”

கடைசியில் கட்டிய கர்னல் அமைந்துவிட்டது. திரையின் மூலையில் குட்டியாய்ப் பேட்டரிப் படம் தோன்றியபோது நான் போட்ட சத்தத்தில் கணவர் குளியலறையிலிருந்து பாதியில் ஓடிவந்தார். சூடு அடங்கியது. பேட்டரியில் விட்டு ஒரு சினிமா ஓட்டிப் பார்த்தேன். ஒரு வகுப்பு முடித்தும் கொஞ்சம் மிச்சமிருக்கும் அளவு தாங்கியது. இரவெல்லாம் சார்ஜரில் கிடக்கும்போது மூடித் திறந்து பார்த்தேன். சமர்த்தாகத் தூங்கி, சமர்த்தாக எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்பென்னாத்தூர் உறவுகள் யாராவது அப்போது வந்திருந்தால் கர்னல் என்றால் என்னவென்று உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன்.

மின்தடை நாள் வந்தது. பேப்பரில் சொன்னபடி டாணென்று கரண்ட் போனது. ஃபேன் நின்ற வீட்டில் நல்ல வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் இருக்கும் இடம் மாடிப்படியின் அடிதான். அங்கே படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி மேசை போட்டு, நல்ல சேலை கட்டி, போனிலிருந்து நெட் கொடுத்து உட்கார்ந்தேன். திரையில் இரண்டு முகங்கள் வந்தன. அவர்களில் நடுவயது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அச்சடித்த புத்தகம் போல் தமிழ் பேசினார். “எங்கள் தலைவர் சற்றுத் தாமதமாக வருகிறார். அருள்கூர்ந்து காத்திருங்கள்” என்றார். இருவரும் எழுந்து போய், காலி நாற்காலிகள் தெரிந்தன.

பேட்டரிப் படத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கும் வசதியை ஏன்தான் சேர்த்தேனோ என்றிருந்தது. தேவைக்கு மேல் இருந்த கொஞ்சமும் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. தாமதம் நீண்டால் வகுப்பின் நடுவில் ‘போயிற்று’தான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அவர்கள் வரும்வரை மூடித் தூங்கவைத்தால் என்ன? நானே கட்டிய தூக்கம்தானே. மூடியின் மேல் விளிம்பில் கையை வைத்து இறக்கினேன்.

“மூடாதீங்க!”

மோட்டார் ஓடாததால் மேலே தண்ணீர் இல்லை. சார் பக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறார். பக்கெட் உருண்டு, அவருக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தது.

“மூடாதீங்க டீச்சர்! பேட்டரில ஓடறப்ப மூடினா ஏந்துக்காது! பட்டனை அமுத்தினாலும் ஏந்துக்காது!”

கை அப்படியே நின்றது. அத்தனை நாள் பூட்டியிருந்த குரல் கரகரவென்று படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. சொல்லி முடித்தபின்தான் தான் பேசிவிட்டது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. என் ஒரு வகுப்புக்காக ஒரு மனிதரின் மௌனம் போயிற்றே!

“இப்போது பேசியது யார்?” என்றது லேப்டாப்.

காலி நாற்காலிகளில் இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள், தலைவரும் சேர்ந்திருந்தார். மைக்கை நான் அணைத்திருக்கவில்லை.

“எங்க மாடியில குடியிருக்கறவர்” என்றேன். பாதி மூடிய திரையில் என் கழுத்தும் படிக்கட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திரையை நிமிர்த்தினேன். படியில் உட்கார்ந்திருந்தவரும் தெரிந்தார்.

“இவர் தமிழரா?”

“இல்லைங்க.”

“இந்தத் தமிழை எங்கே கற்றார்?”

“என்கிட்டதாங்க.”

தலைவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு வகுப்பு நடந்தது. என்ன நடத்தினேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. பேட்டரி கடைசிச் சொட்டுவரை வந்தது. நான் நன்றி சொல்லி வணக்கம் போட்டபோது திரை மங்க ஆரம்பித்திருந்தது.

முடித்த கையோடு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சார் பாயில் இல்லை, ஜன்னல் திட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தூக்கத்தை ஏன் சார் எடுத்தீங்க? துறவுன்னுல்ல நெனச்சேன்!”

“துறவா?” அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் புறாக்கள் பறந்தன. “பக் டீச்சர், பிழை! பேட்டரில தூங்கினா அந்த மெஷின் ஏந்துக்காது. சார்ஜர்ல இருந்தா ஏந்துக்கும். எவ்ளோ நாள் தேடினேன், தெரியல. கோவத்துல தூக்கத்தையே எடுத்துட்டேன். அப்புறம் எப்பவும் வயர்லயே இருந்துச்சு. வயர்ல இருக்கறதுக்குப் பேட்டரி எதுக்கு, ஸ்பீட் கம்மி பண்றது எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

“அப்ப நீங்க நடந்துட்டே இருந்தது?”

“டென்ஷன்.”

“வாசல்ல வந்து நின்னது?”

“மூடாதீங்கன்னு கண்ணால சொன்னேன். நீங்க பால் குடுத்தீங்க.”

எனக்குச் சிரிப்பதா, முட்டிக்கொள்வதா தெரியவில்லை. “என்னால உங்க மௌனம் போச்சே சார்” என்றேன்.

“இன்னைக்குப் போகல. நீங்க லேப்டாப்போட மேல வந்தீங்களே, அன்னைக்கே போச்சு. வாய்தான் மூடியிருந்துச்சு. உள்ள நான் கர்னல் கட்டிட்டே இருந்தேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஒரு வாரமா எங்க வீட்டுல ரசம்!” என்று கத்தினேன். அவர் ரொம்பப் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுப்பாடம் செய்யாத நாட்களில் குனிவது அப்படித்தான். அன்று சாயங்காலம் வரை பேசித் தீர்த்தார். மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து ஒரு மண்டலம் என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் லேப்டாப்பை அவர் கண்ணில் காட்டவில்லை. தூக்கத்தை எடுத்துவிட்டு இன்னொரு தடவை கட்டியபோதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கட்டினேன். சந்தேகம் வந்தால் நானே தேடித் தெரிந்துகொண்டேன். ஒன்றிரண்டு இன்னும் தெரியவில்லை, போகட்டும்.

பிறகு ஒரு மத்தியானம் அந்த நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். முழு ஆசிரியராக. இரண்டு முறை படித்தேன், எழுந்து நின்று ஒரு முறை படித்தேன். கணவருக்குப் போன் செய்தால் மீட்டிங், எடுக்கவில்லை. தெருவில் வெயிலுக்குப் பயந்து ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. யோசிக்காமல் மாடிக்கு ஓடினேன்.

“சார், கெடச்சிடுச்சு!”

அவர் பாயிலிருந்து எழுந்தார். முகமெல்லாம் சிவந்தது. இரண்டு கையும் மேலே போனது. எந்த வார்த்தையைச் சொல்லலாம் என்று தேடுவது கண்ணிலேயே தெரிந்தது. உலகத்தில் யாராவது ஒருவர் ‘பிரமாதம்’ என்று சொல்லிக் கேட்க எனக்கு அப்படி ஆசையாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

“பேசாதீங்க!” என்று கத்தினேன்.

வாயை மூடிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, என் கண்ணிலிருந்தும் வழிந்தது. நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தேன், அவர் பாயில் உட்கார்ந்தார். கணவர் திருப்பிப் போன் செய்யும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.